ஒரே வட்டத்தில் நடக்கும் நாயகன்: ‘லூப் ஹீரோ’வின் நிறையும் குறையும்

‘லூப் ஹீரோ’ என்ற கணினி விளையாட்டைச் சில மணி நேரம் ஆடிப் பார்த்ததாகவும், நாயகன் ஒரே பாதையைச் சுற்றிச் சுற்றி வருவதும் சண்டைகள் தாமாகவே நடந்து முடிவதும் அலுப்பூட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு எளிமையான ஒன்றை இத்தனை பேர் பாராட்டுவது ஏன், இதைத் தொடரலாமா விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் இதைக் கணினியில் இறுதிவரை ஆடி முடித்தவன். முடித்த பிறகும் அவ்வப்போது திரும்பிப் போகிறவன். ஆகவே சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். உங்கள் அலுப்பு நியாயமானது. ஆனால் அது எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்த விளையாட்டின் நிறை எது, குறை எது என்பது பிடிபடும்.

இதில் இரண்டு வகையான திரும்பத் திரும்பச் செய்தல் இருக்கிறது. ஒன்று வட்டத்துக்குள் நிகழ்வது: நாயகன் அதே பாதையில் மறுபடி வருகிறான், ஆனால் அவன் வருவதற்குள் அந்தப் பாதையை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். மற்றொன்று வட்டத்துக்கு வெளியே நிகழ்வது: ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் நாயகன் திரும்பும் முகாமில் ஒரு கட்டடத்தை எழுப்ப மூலப்பொருள் போதவில்லை என்பதற்காக, ஏற்கெனவே வென்றுவிட்ட பயணத்தையே மறுபடி மேற்கொள்கிறீர்கள். முதலாவது ஒவ்வொரு சுற்றிலும் உங்களிடம் ஒரு முடிவைக் கேட்கிறது. இரண்டாவது பொறுமையைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை. இந்த விளையாட்டைப் புகழ்கிறவர்கள் முதலாவதை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள், வெறுத்து விலகியவர்கள் இரண்டாவதில் சிக்கியவர்கள் என்பது என் கணிப்பு. இரு தரப்பும் சொல்வது உண்மைதான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘ஃபோர் குவார்ட்டர்ஸ்’ என்ற சிறிய ரஷ்யக் குழு உருவாக்கிய இந்த விளையாட்டை ‘டெவால்வர் டிஜிட்டல்’ நிறுவனம் 2021 மார்ச் 4 அன்று கணினிகளுக்காக வெளியிட்டது. முதல் வாரத்திலேயே 5 லட்சம் பிரதிகள் விற்றன. அதே ஆண்டு டிசம்பரில் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவிக்கான பதிப்பும், 2024இல் கைபேசிப் பதிப்பும் வந்தன. இதன் விதை 2019 அக்டோபரில் நடந்த ‘லுடம் டேர்’ போட்டியில் விழுந்தது. ஒரு வார இறுதிக்குள் ஒரு விளையாட்டை உருவாக்கிக் காட்டும் போட்டி அது. அந்த முறை கொடுக்கப்பட்ட கருப்பொருள் ‘ஒன்றுமில்லாமல் தொடங்கு’ என்பது. இந்தக் கருப்பொருளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் விளையாட்டின் கதையும் விதிகளும் இந்த ஒரே சொற்றொடரிலிருந்துதான் கிளைத்திருக்கின்றன.

லிச் என்னும் மாண்டும் மாளாத மந்திரவாதி உலகத்தை அழித்துவிட்டான். அழித்துவிட்டான் என்பதைவிட, உலகம் மறக்கப்பட்டுவிட்டது என்பதே சரி. மலை, காடு, ஊர், மனிதர் என யாவும் நினைவிலிருந்து நழுவிப் போய், கருமைக்கு நடுவே ஒரு சிறிய வட்டப் பாதையும் ஒரு முகாம் தீயும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. நாயகன் நடக்க நடக்க, சண்டையிட்டு வெல்ல வெல்ல, அவனுக்குச் சிறுகச் சிறுக நினைவு திரும்புகிறது. சண்டைகளில் வென்று, நிலத்தில் வைப்பதற்காக உங்கள் கைக்கு வரும் ஒவ்வொரு சீட்டும் அப்படித் திரும்பிய ஒரு நினைவு. மலைச் சீட்டை வைத்தால் மலை இருந்தது நினைவுக்கு வந்துவிட்டது, ஆகவே மலை மறுபடி இருக்கிறது. கல்லறைச் சீட்டை வைத்தாலும் அப்படியே. கல்லறை இருந்ததை நினைத்துக்கொண்டவன் அதிலிருந்து எழும் எலும்புக்கூடுகளையும் சேர்த்தே நினைத்துக்கொண்டவன் ஆகிறான். கதை ஒரு பக்கமும் விதிகள் வேறொரு பக்கமும் போகும் கற்பனை உலக விளையாட்டுகள் ஏராளம். இங்கே நீங்கள் செய்யும் செயலே கதையாக இருக்கிறது. இவ்வளவு குறைந்த செலவில், இவ்வளவு சிறிய குழுவால் இதைச் சாதிக்க முடிந்திருப்பதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

இனி, ‘நான் செய்வதற்கு என்ன இருக்கிறது’ என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாயகனின் கால் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, வாளும் இல்லை. இரண்டே வேலைகள் உங்களுடையவை: சீட்டை எங்கே வைப்பது, எந்த ஆயுதத்தையும் கவசத்தையும் அணிவிப்பது. எந்தச் சமயத்திலும் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு நிதானமாக யோசிக்கலாம் என்பதால் விரல் வேகத்துக்கு இங்கே மதிப்பே கிடையாது. சீட்டுகளில் சில பாதையின் மேலேயே வைக்கப்படுபவை, சில பாதையை ஒட்டி வைக்கப்படுபவை, சில தொலைவில் நிலப்பரப்பாக விரிபவை. பாதை மேல் வைப்பவை பெரும்பாலும் பகைவர்களைக் கொண்டுவரும். தொலைவில் வைப்பவை நாயகனுக்கு வலுவூட்டும். பாறையும் மலையும் அவனது உயிர்வலிமையின் உச்ச அளவை உயர்த்துகின்றன. புல்வெளி ஒவ்வொரு விடியலிலும் சிறிதளவு காயம் ஆற்றுகிறது. காடு அவன் தாக்கும் வேகத்தைக் கூட்டுகிறது. ஆறு தன்னை ஒட்டியுள்ள நிலத்தின் பயனை இரட்டிப்பாக்குகிறது.

இதுவரை கேட்டால் கூட்டல் கணக்கு போலத்தான் இருக்கும். சுவை தொடங்குவது சீட்டுகள் ஒன்றோடொன்று பேசும்போதுதான். புல்வெளியை வேறு வகை நிலத்தின் அருகில் வைத்தால் அது பூத்து, கூடுதலாகக் காயம் ஆற்றுகிறது. ஒன்பது பாறைகளையும் மலைகளையும் மூன்றுக்கு மூன்று சதுரமாக அடுக்கினால் அவை ஒன்றுகூடி மலைச்சிகரமாக எழுகின்றன. உயிர்வலிமை பெருமளவு கூடுகிறது, ஆனால் சிகரத்திலிருந்து ஹார்ப்பிகள் என்னும் பறவைப் பெண்கள் பறந்து வந்து பாதையில் இறங்கத் தொடங்குகிறார்கள். பாறையும் மலையுமாக 10 சேர்ந்துவிட்டால், நீங்கள் கேட்காமலேயே பாதையில் காப்ளின்கள் என்னும் குட்டிப் பூதங்களின் முகாம் ஒன்று முளைக்கிறது. விளையாட்டு தரும் ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு விலை ஒட்டியிருக்கிறது. அந்த விலை எப்போது, எந்த வடிவில் வரும் என்பதை முதல் முறை பட்டுத்தான் தெரிந்துகொள்கிறீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஊர். பாதையில் ஓர் ஊரை வைத்தால், அதைக் கடக்கும்போதெல்லாம் நாயகனுக்குச் சிறிது இளைப்பாறல் கிடைக்கும், சில பணிகளும் கிடைக்கும். அதன் பக்கத்தில் ரத்தக்காட்டேரியின் மாளிகையை வைத்தால் ஊர் சூறையாடப்பட்டுப் பாழாகி, பிணந்தின்னிகள் உலவும் இடமாகிவிடுகிறது. இதைப் பார்த்ததும் நான் ஒரு பெரிய தவறைச் செய்துவிட்டதாக எண்ணினேன். ஆனால் மூன்று சுற்றுகள் தாக்குப்பிடித்தால் அதே பாழூர் அந்த ரத்தக்காட்டேரிப் பிரபுவின் ஆட்சிக்குட்பட்ட நிலமாக மாறி, முன்பிருந்த ஊரைவிட அதிகமாக வழங்குகிறது. ஒரு சிறிய விளையாட்டு, ஒரு வரி விளக்கமும் தராமல், பாழ்பட்டதைப் பொறுத்திருந்து மீட்கும் அனுபவத்தை இரண்டு சீட்டுகளின் அண்மையால் மட்டுமே தந்துவிடுகிறது. இந்த இடத்தில் ஒரே பாதை மறுபடி மறுபடி வருவது அலுப்பாக இல்லை. மூன்றாவது முறை திரும்பும்போது ஊர் என்னவாகியிருக்கும் என்று பார்க்கத்தான் நீங்கள் அந்தப் பாதையிலேயே காத்திருக்கிறீர்கள்.

ஒவ்வொரு சுற்று முடியும்போதும் பகைவர்களின் வலு ஒரு படி ஏறுகிறது. அவர்கள் விட்டுச்செல்லும் ஆயுதங்களின் தரமும் உடன் ஏறுகிறது. இதோடு, நீங்கள் வைக்கும் ஒவ்வொரு சீட்டும் திரையின் ஓரத்தில் உள்ள ஒரு கோட்டைச் சிறிது நிரப்புகிறது. அது நிறைந்ததும் அந்த அத்தியாயத்தின் தலைமைப் பகைவன், அதாவது பாஸ், முகாம் தீயருகே வந்து நிற்கிறான். ஆகவே உலகத்தைக் கட்டக் கட்ட நீங்கள் வலுப்பெறுகிறீர்கள், அதே கையால் உங்கள் பகைவனின் வருகையையும் விரைவுபடுத்துகிறீர்கள். முதல் அத்தியாயத்தில் லிச் வரும்போது அவனுடைய அரண்மனைகள் முகாம் தீயைச் சுற்றி எழுகின்றன. அவை நிற்கும்வரை அவன் வலு கூடியிருக்கும். ‘மறதி’ என்ற சீட்டு எந்த நிலத்தையும் அழிக்கவல்லது. தொந்தரவு தரும் வேறொரு நிலத்தை நீக்க அதைச் செலவழித்துவிட்டவர், அரண்மனைகளை இடிக்கக் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பார். என் முதல் மூன்று தோல்விகளும் இப்படி வந்தவை.

இந்த விளையாட்டின் மிகச் சிறந்த விதி எதுவென்று கேட்டால், பின்வாங்கும் விதியையே சொல்வேன். முகாம் தீ இருக்கும் கட்டத்தில் நின்று பின்வாங்கினால் சேர்த்த மூலப்பொருள்கள் முழுவதும் உங்களுக்கே. பாதையின் நடுவில் பின்வாங்கினால் 60 விழுக்காடு மட்டும். நாயகன் வீழ்ந்துவிட்டால் 30 விழுக்காடு. மூன்றே எண்கள்தாம். ஆனால் ஒவ்வொரு சுற்றும் முகாம் தீயை நெருங்கும்போது இந்த மூன்று எண்களும் உங்களை நிறுத்தி விசாரிக்கின்றன. இன்னொரு சுற்று தாங்குமா? உயிர்வலிமை பாதிக்கும் கீழே இருக்கிறது, ஆனால் வழியில் ஊர் இருக்கிறது. ஊருக்கு முன்னால் சிலந்திக் கூடு இருக்கிறது. சிலந்திகளைத் தாண்டிவிட்டால் இன்னும் ஒரு மலை வைத்துச் சிகரத்தை முடித்துவிடலாம். சண்டை தானாக நடப்பதால் விளையாட்டில் பதற்றம் இராது என்று நினைப்பவர்கள், போகலாம் என்று முடிவெடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க நேரும் அந்த இருபது நொடிகளை அறியாதவர்கள். வாளை நீங்களே வீசியிருந்தால் தோல்வியை விரல்மேல் சுமத்தியிருப்பீர்கள். இங்கே தவறு எப்போதும் முந்தைய முடிவில்தான் இருக்கும். அதைத் திருத்தும் வாய்ப்பு அடுத்த சுற்றில் இருக்கும்.

தானாக ஓடும் விளையாட்டு என்ற எண்ணம் புதிதன்று. 2002இல் வந்த ‘ப்ரோகிரஸ் குவெஸ்ட்’, பாத்திரத்தை உருவாக்கியதும் மீதி எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும். பாத்திர வளர்ச்சி விளையாட்டுகளின் எண் பெருக்கும் பழக்கத்தைக் கேலி செய்வதற்காகவே அது உருவானது. ‘லூப் ஹீரோ’வுக்குப் பின் வந்த ‘வாம்பயர் சர்வைவர்ஸ்’ விளையாட்டில் கால் உங்களுடையது, தாக்குதல் மட்டும் தானாக நடக்கும். 2022இல் முழு வடிவில் வெளியான அது அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் சிறந்த விளையாட்டு விருதைப் பெற்றது. இவ்விரண்டுக்கும் நடுவே ‘லூப் ஹீரோ’வின் இடம் தனியானது. காலையும் கையையும் பறித்துக்கொண்டு, அதற்கு ஈடாக நிலத்தையே உங்களிடம் ஒப்படைத்துவிடுகிறது. நீங்கள் நாயகனாக ஆடவில்லை; அவன் நடக்கப்போகும் உலகமாக ஆடுகிறீர்கள். பகைவர்களையும் நீங்களேதான் வைக்கிறீர்கள். இதை உணராமல் ஆடும்போதுதான் ‘எனக்கு வேலையே இல்லை’ என்று தோன்றும்.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எதிர்பார்த்து யாரும் இந்த விளையாட்டுக்கு வருவதில்லை. பகைவர்கள் சிலரை முதன்முறை சந்திக்கும்போது சண்டைக்கு முன் ஓர் உரையாடல் வருகிறது. கொள்ளையர்கள் தாங்கள் ஏன் கொள்ளையடிக்கிறோம் என்று விளக்க முற்படுகிறார்கள். காப்ளின்கள் தங்கள் தரப்பைப் பேசுகிறார்கள். ரத்தக்காட்டேரி மரியாதையாகவே பேசுகிறான். உலகம் மறைந்துவிட்டது என்பதே சிலருக்குத் தெரியாது. தன்னால் நினைக்கப்பட்டதால் மட்டுமே இருக்கிற ஒருவனோடு சண்டையிட வேண்டிய நிலையில் நாயகன் மெல்லக் குழம்பத் தொடங்குகிறான்: இவர்களை நான் கொல்கிறேனா, உருவாக்குகிறேனா? பாஸ்களோடு நடக்கும் உரையாடல்கள் இந்தக் கேள்வியை இன்னும் ஆழப்படுத்துகின்றன. ஒரே பாதையில் சுற்றுவது என்ற விதியைக் கதை எங்கும் மறைக்கவில்லை. அந்தச் சுழற்சியின் காரணத்தைத் தேடுவதே நாயகனின் பயணமாகிறது. இறுதியில் என்ன நிகழ்கிறது என்பதைச் சொல்லி உங்கள் அனுபவத்தைக் கெடுக்க மாட்டேன்.

ஓவியமும் இசையும் பழைய கணினிகளின் நினைவைத் தூண்டுபவை. குறைந்த வண்ணங்கள், பெரிய புள்ளிகள், கறுப்புப் பின்னணி. அந்தக் கறுப்பு வெறும் பின்னணியாக நிற்பதில்லை, மறக்கப்பட்ட உலகமாகவும் இருக்கிறது என்பதால், பயணத்தின் தொடக்கத்தில் வெறுமையாக இருந்த திரை முடிவில் மலையும் ஆறும் ஊரும் நிறைந்து நிற்பதைக் காண்பதே ஒரு தனி மகிழ்ச்சி.

மூன்று வகை நாயகர்கள் உள்ளனர். போர்வீரன் நேரடியானவன். கள்வன் இரு கைகளிலும் ஆயுதம் ஏந்துபவன். பகைவர்களிடமிருந்து ஆயுதம் அவனுக்கு உடனே கிடைக்காது, வெற்றிச் சின்னங்களைச் சேர்த்துக்கொண்டு போய் முகாம் தீயருகே மாற்றிக்கொள்ள வேண்டும். நெக்ரோமான்சர் தானே தாக்குவதில்லை. எலும்புக்கூடுகளை எழுப்பித் தனக்காகப் போரிட வைக்கிறான். கள்வனின் விதி சிறியதுதான், ஆனால் அது ஒவ்வொரு சுற்றின் தாளத்தையே மாற்றிவிடுகிறது: வழியில் எத்தனை பேரை வீழ்த்தினோம் என்பது சுற்று முடிவில் ஒரே தவணையில் பயன் தருவதால், பகைவர்களை அடர்த்தியாக வைக்கத் துணிவு வருகிறது. போர்வீரனோடு ஆடியபோது தவிர்த்த சீட்டுகளையெல்லாம் கள்வனோடு ஆடும்போது தேடித் தேடி வைத்தேன்.

இனிக் குறைகள். இவற்றில் ஒன்று பெரியது, மற்றவை அதைச் சுற்றி நிற்பவை.

பெரியது முகாம். பயணங்களில் சேர்க்கும் மரம், கல், உணவு, பலவகை மந்திரக் கோளங்கள் ஆகியவற்றைக் கொண்டு முகாமில் கட்டடங்கள் எழுப்பலாம். சமையலிடம், மூலிகைக் குடில், பயிற்சிக்கூடம், கொல்லுப்பட்டறை என ஒவ்வொன்றும் ஒரு புதிய வசதியையோ புதிய சீட்டையோ திறந்துவிடுகிறது. பாதையிலிருந்து கிடைத்தது முகாமுக்கு, முகாமிலிருந்து கிடைத்தது மறுபடி பாதைக்கு என்ற இந்த வரத்துப்போக்கு தொடக்கத்தில் மிக இனிமையானது. ஐந்தாறு மணி நேரம்வரை ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் ஏதாவது புதிதாகத் திறக்கும். அதன் பிறகு கட்டடங்களின் விலை ஏறுகிறது, திறப்பவற்றின் புதுமை குறைகிறது. ஒரு கட்டடத்துக்குத் தேவையான ஓர் அரிய கோளம் குறிப்பிட்ட வகைப் பகைவரிடமோ குறிப்பிட்ட சூழ்நிலையிலோதான் கிடைக்கும் என்றால், அதற்கென்றே ஒரு சீட்டுக்கட்டை அமைத்து, பாஸைச் சந்திக்கும் எண்ணமே இல்லாமல், ஆறேழு சுற்றுகள் நடந்து, முகாம் தீயருகே பின்வாங்கி, மறுபடி கிளம்ப வேண்டியிருக்கிறது. இந்தப் பயணங்களில் தோல்வி அச்சம் இல்லை. அச்சம் இல்லாததால் முடிவும் இல்லை. முடிவு இல்லாதபோது, தானாக நடக்கும் விளையாட்டில் மனிதருக்கு உண்மையிலேயே வேலை இல்லாமல் போய்விடுகிறது. மேலே நான் புகழ்ந்த பின்வாங்கும் விதியும் இங்கே தன் கூர்மையை இழக்கிறது, எப்போது திரும்புவது என்பது முன்கூட்டியே தெரிந்த ஒன்றாகிவிடுவதால்.

இதனோடு சேர்ந்தது தொடக்கத்தின் மந்தம். ஒவ்வொரு பயணமும் வெறும் பாதையிலிருந்தே தொடங்குகிறது. நீங்கள் எவ்வளவு தேர்ந்தவரானாலும் முதல் இரண்டு மூன்று சுற்றுகளில் ஸ்லைம் எனப்படும் கூழ்ப்பிராணிகளை நாயகன் ஒவ்வொன்றாக வீழ்த்துவதைப் பார்த்திருப்பதைத் தவிரச் செய்வதற்கு அதிகமில்லை. ஒன்றுமில்லாமல் தொடங்குவது கதைக்குப் பொருத்தம்தான். ஆனால் நாற்பதாவது முறை ஒன்றுமில்லாமல் தொடங்கும்போது கதைப் பொருத்தம் ஆறுதல் தருவதில்லை. விளையாட்டு வெளியான காலத்தில் பயணத்தின் நடுவே சேமித்து வைக்கும் வசதிகூட இல்லை. பின்னர் வந்த மேம்படுத்தலில் அதுவும் கூடுதல் வேகத் தெரிவுகளும் சேர்க்கப்பட்டன. நீங்கள் ஆடுவது அந்த மேம்பட்ட வடிவமாகத்தான் இருக்கும், ஆகவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

அத்தியாயங்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் பகைவர்களின் வலு கூடுகிறது, பாஸ் மாறுகிறான். ஆனால் நிலம் அதே கறுப்புதான். பாதை புதிய வடிவில் வளைந்தாலும் அதன் தன்மை மாறுவதில்லை. மூன்றாம் அத்தியாயத்துக்கென ஒரு தனி விதி, நான்காம் அத்தியாயத்துக்கென ஒரு தனிச் சீட்டு வகை என்று வளர்த்திருக்க இடமிருந்தது. அதற்குப் பதிலாக எண்கள்தாம் வளர்கின்றன. எண்கள் வளரும்போது, எந்தச் சேர்க்கை வலுவானது என்ற தேடலும் குறுகிவிடுகிறது. ஆற்றை நெளிவாக ஓடவிட்டு அதன் இருபுறமும் காடுகளை அடுக்கித் தாக்கும் வேகத்தைப் பெருக்குவது எவ்வளவு பயன் தருகிறது என்று கண்டுகொண்ட பிறகு, புல்வெளியையும் கல்லறையையும் வைத்துப் பார்க்க ஆசை இருந்தாலும் கை ஆற்றுக்கே போகிறது. தொடக்கத்தில் கண்டுபிடிப்பாக இருந்தது பின்பாதியில் வாய்பாடாகிவிடுகிறது.

அடுத்தது, தெரிவிக்க வேண்டியதைத் தெரிவிக்காமல் விடுவது. சீட்டுகளின் சேர்க்கைகளை மறைத்து வைப்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. பாழூர் மீள்வதைப் போன்றவை மறைந்திருப்பதால்தான் இனிக்கின்றன. ஆனால் ஆயுதங்களில் உள்ள எதிர்த்தாக்குதல், தப்பித்தல், ரத்தம் உறிஞ்சுதல், அனைவரையும் தாக்குதல் போன்ற பண்புகளில் ஒரு புள்ளி எவ்வளவு பெறும் என்பது ஆடுபவருக்குத் தெரிய வேண்டிய செய்தி. விளையாட்டு இதை மேலோட்டமாகவே சொல்கிறது. நான்கு வண்ணத் தரங்களில் ஆயுதங்கள் கையில் வந்து குவிந்துகொண்டே இருக்கும்போது, பழையதைவிடப் புதியது மேலா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுவது கணக்குப்பிள்ளை வேலை போலாகிவிடுகிறது. வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, பழையவை தாமாகவே கழிந்து மூலப்பொருளாகிவிடும் என்பதால், கவனம் சிதறினால் நல்லதும் போய்விடும். நிலத்தை அமைக்கும் வேலை யோசனையைக் கோருகிறது. ஆயுதம் மாற்றும் வேலை விழிப்பை மட்டும் கோருகிறது. இரண்டுக்கும் விளையாட்டு ஏறத்தாழ ஒரே அளவு நேரத்தை எடுத்துக்கொள்வது சரியான பங்கீடன்று.

தற்செயலின் பங்கையும் குறிப்பிட வேண்டும். நீங்கள் அமைத்த சீட்டுக்கட்டிலிருந்து எந்தச் சீட்டு எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. சிகரத்துக்கு ஒரு பாறை மட்டும் குறையும்போது அது நான்கு சுற்றுகளுக்கு வராமலே போகலாம். இதற்கு மருந்து, கட்டை மிகச் சிறியதாக அமைப்பது. தேவையற்ற வகைகளை விலக்கி, விதிகள் அனுமதிக்கும் குறைந்தபட்ச வகைகளோடு கிளம்பினால் வேண்டியது வரும் வாய்ப்பு கூடுகிறது. தொடக்கக்காரர்கள் திறந்த சீட்டுகளையெல்லாம் கட்டில் சேர்த்துக்கொள்வதே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

‘அலுப்பாக இருக்கிறது என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை’ என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைக் கடந்துபோக எனக்கு மனமில்லை. எப்போது தீனி விழும் என்று கணிக்க முடியாதபோது புறாக்கள் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்பதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே காட்டியிருக்கிறார். சூதாட்ட இயந்திரங்கள் நிற்பது அந்த அடித்தளத்தின் மேல்தான். பகைவரை வீழ்த்தினால் அரிய ஆயுதம் விழக்கூடும் என்ற ஆசையும் அதே அடித்தளத்தைச் சேர்ந்ததே. ‘லூப் ஹீரோ’ ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் விளையாட்டு. உங்கள் பொறுமையின்மையைக் காசாக்கும் வழி எதையும் அது வைத்திருக்கவில்லை. ஆகவே இதைச் சுரண்டல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முகாமுக்காகப் பொருள் சேர்க்கும் அந்தப் பயணங்களில் உங்களை இழுத்துச் செல்வது ஆர்வமா, விழப்போகும் தீனியா என்று நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்வது நல்லது. நான் என்னைக் கேட்டுக்கொண்டபோது, மூன்றாம் அத்தியாயத்தின் பெரும்பகுதிக்கு எனக்குக் கிடைத்த விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை. சில வாரங்கள் விளையாட்டை மூடி வைத்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இது. லிச்சை ஒருமுறை வெல்லும்வரை ஆடுங்கள். அதற்குச் சிறிய கட்டும், கையிருப்பில் ஒன்றிரண்டு மறதிச் சீட்டுகளும், மலைச்சிகரமும் பெரும்பாலும் போதுமானவை. முகாமில் எல்லாவற்றையும் கட்ட வேண்டும் என்று எண்ணாதீர்கள். காயம் ஆற்றும் மருந்துகளுக்கு மூலிகைக் குடில், நாயகன் புதிய திறன்களைக் கற்கப் பயிற்சிக்கூடம், கள்வனும் நெக்ரோமான்சரும் வருவதற்கான இரண்டு கட்டடங்கள், இவற்றுக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டு மற்றவற்றை வழியில் கிடைக்கும் பொருளுக்கு விட்டுவிடுங்கள். பொருளுக்காக மட்டும் ஒரு பயணம் போவதாக உணர்ந்தால், அந்தப் பயணத்திலேயே இதுவரை வைத்திராத இரண்டு சீட்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். பொருளும் சேரும், பார்க்காத ஒன்றும் பார்க்கக் கிடைக்கும். பின்னர் கள்வனோடு இரண்டாம் அத்தியாயத்தைத் தொடங்குங்கள். அவனோடு நான்கைந்து பயணங்கள் போன பிறகும், கிளம்புவதற்கு முன் சீட்டுக்கட்டைப் பிரித்து வேறு விதமாக அடுக்கிப் பார்க்கும் ஆசை உங்களுக்கு வரவில்லை என்றால், அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். விளையாட்டின் சிறந்த பகுதியை அதற்குள் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.